எண்ணித் தீர்க்க வேண்டிய வழக்கு

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி தன்சானியாவில் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. முதன்மை எதிர்க்கட்சி போட்டியிட முடியாமல் தடுக்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் டுண்டு லிசு தேசத்துரோகக் குற்றச்சாட்டின்பேரில் மறியலில் இருந்தார். பதவியில் இருந்தவருக்கு நூற்றுக்கு 97க்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தனவாம்! மக்கள் தமது ஜனநாயக விருப்பத்தை வெளியிட முடியாத நிலையே பெரும்பாலான இடங்களில் காணப்பட்டது என்று அயல்நாடுகளின் பார்வையாளர் குழுவே அறிக்கை விடுத்தது.

அயலவர் உண்மையைக் கூறியது நன்று. கூறியபின் என்ன செய்யப் போகின்றார்கள் என்பதே வினா. சாடெக் என்று சுருக்கமாக வழங்கும் தென்பகுதி ஆபிரிக்க அபிவிருத்திச் சமூகத்துக்கு இவ்வினா புதியதன்று. 2008ஆம் ஆண்டிலே சிம்பாப்வே நாட்டின் தேர்தல் குழம்பியபோது இதே வினா அதன் வாயிலில் வந்து நின்றது. அன்று அது கொடுத்த விடையின் விளைவுகள் இன்றுவரை தொடர்கின்றன. சட்டம் பயின்றவர்களும் நிலத்தை நம்பி வாழ்பவர்களும் ஒருங்கே ஆராயத்தக்க வரலாறு அது.

2007ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி ஹராரே நகரின் ஹைபீல்ட் பகுதியில் பிரார்த்தனைக் கூட்டமொன்றுக்குச் சென்ற எதிர்க்கட்சித் தலைவர் மோர்கன் ஸ்வாங்கிராயும் அவருடைய தோழர்களும் கைது செய்யப்பட்டு, பொலிசாரின் காவலில் கொடூரமாக அடிக்கப்பட்டனர். வீங்கிய முகத்துடன் அவர் நீதிமன்றத்துக்கு வந்த படம் உலகெங்கும் வெளியாயிற்று. அம்மாத முடிவிலேயே தாருஸ்ஸலாமில் கூடிய சாடெக் தலைவர்கள், தென்னாபிரிக்க ஜனாதிபதி தாபோ எம்பெக்கி அவர்களை நடுவராக நியமித்தனர். அவர் கையாண்ட முறைக்கு ‘அமைதியான இராஜதந்திரம்’ என்று பெயர். பகிரங்கமாகக் கண்டிப்பதில்லை, மூடிய கதவுக்குள் பேசுவது, வெளியே வந்தால் புன்னகை செய்வது. இதுவே அதன் இலக்கணம்.

நியாயமாகப் பேசுவதாயின், அம்முறை முற்றிலும் பயனற்றுப் போகவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பேச்சுக்களின் பயனாகத் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணப்பட்ட வாக்குகளின் விபரம் அச்சாவடியின் வெளியே ஒட்டப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பார்வைக்குச் சிறிய விதிதான். ஆனால், 2008 மார்ச் 29ஆந் திகதி வாக்களிப்பு முடிந்த இரவு, எதிர்க்கட்சித் தொண்டர்கள் சாவடி சாவடியாகச் சென்று அத்தாள்களைப் படம் பிடித்துக் கொண்டனர். நாட்டின் தீர்ப்பு ஆயிரக்கணக்கான கதவுகளில் ஒட்டப்பட்டிருந்தது. கூட்டிப் பார்ப்பது ஒன்றே மிகுதியாயிருந்த வேலை.

அந்தக் கூட்டற் கணக்குக்கு ஐந்து வாரங்கள் சென்றன.

பாராளுமன்ற முடிவுகள் சில நாட்களில் வெளிவந்துவிட்டன. ஸ்வாங்கிராயின் ஜனநாயக மாற்றத்துக்கான இயக்கம் 99 இடங்களையும், ஆளும் கட்சி 97 இடங்களையும், இயக்கத்திலிருந்து பிரிந்த மற்றைப் பிரிவு 10 இடங்களையும், சுயேச்சை ஒருவர் ஓர் இடத்தையும் பெற்றனர். 1980ஆம் ஆண்டுச் சுதந்திரத்துக்குப்பின் முதன்முறையாக ஆளும் கட்சி பெரும்பான்மையை இழந்தது. அதே நாளில், அதே சாவடிகளில் போடப்பட்ட ஜனாதிபதி வாக்குகளின் எண்ணிக்கை மாத்திரம் தேர்தல் ஆணைக்குழுவின் பெட்டகத்துள் உறங்கிக் கொண்டிருந்தது. முடிவை வெளியிடக் கட்டளையிடுமாறு எதிர்க்கட்சி ஹராரே மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்தது. ஏப்ரல் 14ஆந் திகதி மனு தள்ளுபடியாயிற்று. இருபத்து மூன்று தொகுதிகளில் மறுபடியும் எண்ணப் போவதாக ஆணைக்குழு கூறியது. மறுபடி எண்ணியும் பாராளுமன்றத்தின் பலம் மாறவில்லை.

முடிவு மே மாதம் 2ஆந் திகதி வெளிவந்தது. ஸ்வாங்கிராய் நூற்றுக்கு 47.9, முகாபே 43.2, மூன்றாமவர் சிம்பா மக்கோனி 8.3. பாதிக்கு மேல் ஒருவரும் பெறாதபடியால் இரண்டாஞ் சுற்று நடைபெற வேண்டும் என்றனர். எதிர்க்கட்சியோ தனது கணக்கின்படி ஸ்வாங்கிராய்க்கு 50.3 என்றது. நடுநிலையான உள்நாட்டுப் பார்வையாளர்களின் மாதிரிக் கணிப்பு, சற்றுக் கூடவோ குறையவோ 49.4 என்றது. அவர் முதற் சுற்றிலேயே வென்றாரா என்று நாம் இங்கிருந்து தீர்ப்புக் கூற முற்படவில்லை. கதவுகளில் ஒட்டியிருந்த தாள்கள் கூறியிருக்கும். அவற்றை யாவர் முன்னிலையிலும் கூட்டிப் பார்த்திருந்தால் ஒரு வாரத்தில் ஐயம் தீர்ந்திருக்கும்.

இரண்டாஞ் சுற்று முதற் சுற்றிலிருந்து 21 நாட்களுள் நடைபெற வேண்டும் என்பது அந்நாட்டுத் தேர்தற் சட்டத்தின் 110ஆம் பிரிவு. முடிவு வெளிவருவதற்கு முன்னரே அக்கெடு கழிந்துவிட்டது! ஆணைக்குழு ஓர் ஒழுங்குவிதியின் மூலம் தவணையை நீட்டி, யூன் 27ஆந் திகதியைக் குறித்தது. வழக்கில் தவணை வாங்குவது எதற்கென்று எமது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நீதிமன்றப் படியேறி அலைந்த விவசாயிகளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். சிம்பாப்வேயில் தவணை வாங்கியவர்கள் அந்நாட்களை வீணாக்கவில்லை. கிராமங்களில் எந்தச் சாவடி எவருக்கு வாக்களித்தது என்பதும் அதே தாள்களில் தெரிந்திருந்தது. அவற்றைக் கொண்டே படையினரும் கட்சிக் குண்டர்களும் ஊர்களைத் தெரிந்தெடுத்தனர். ‘எங்கே வாக்குப் போட்டாய்?’ என்பது அந்நடவடிக்கைக்கு மக்கள் மொழியில் வழங்கிய பெயர். உண்மையைக் காக்க ஒட்டிய தாள், காப்பார் இல்லாதபோது, அதனை எழுதிய மக்களுக்கே கூற்றுவனாயிற்று.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் அயலவர் என்ன செய்தனர்? சாம்பிய ஜனாதிபதி லெவி முவனவாசா அவர்கள் ஏப்ரல் 12ஆந் திகதி லுசாக்காவில் அவசர உச்சிமகாநாட்டைக் கூட்டினார். முகாபே வரவில்லை, மந்திரிகளை அனுப்பினார். எம்பெக்கி அவர்கள் லுசாக்காவுக்குச் செல்லும் வழியில் ஹராரேயில் இறங்கி, முகாபேயுடன் கைகோத்து நின்று, அங்கு நெருக்கடி ஏதுமில்லை, தேர்தல் முறைப்படியே நடைபெறுகின்றது என்ற கருத்துப்படப் பத்திரிகையாளர்களிடம் பேசினார். விடியும்வரை நீடித்த மகாநாடு, முடிவுகளை விரைவில் வெளியிடுமாறு கேட்டு ஓர் அறிக்கை விடுத்தது. எத்தனை நாளுள் என்று கூறவில்லை. வெளியிடாவிடின் என்ன நேரும் என்றும் கூறவில்லை. நடுவர் அதே நடுவரே என்றது.

எம்பெக்கி அவர்களின் மௌனத்துக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. வெள்ளையர் ஆட்சிக்கு எதிராக ஒன்றாய்ப் போராடிய தோழமை ஒன்று. 1995ஆம் ஆண்டில் நைஜீரிய இராணுவ ஆட்சி எழுத்தாளர் கென் சாரோ-விவாவைத் தூக்கிலிட்டபோது நெல்சன் மண்டேலா துணிந்து கண்டித்ததும், ஆபிரிக்க நாடுகள் அவரைத் தனியே விட்டு ஒதுங்கியதும் மற்றொன்று. சூடுகண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். இவற்றை நாம் ஏளனஞ் செய்யவில்லை. எமது குற்றச்சாட்டு அவர் மெதுவாகப் பேசினார் என்பதன்று. எண்ணித் தீர்க்க வேண்டிய வழக்கை அவர் பேசித் தீர்க்க வேண்டிய சண்டையாக மாற்றிவிட்டார் என்பதே.

எமது ஊர்களில் வேலி அடைக்குங் காலத்தில் எழும் பிணக்குகளை அறியாத வாசகர் இரார். பக்கத்து வளவுக்காரன் கதியாலைத் தள்ளி நட்டுவிடுகின்றான். உறுதியை எடுத்து, நில அளவையாளரை அழைத்து, சங்கிலி பிடித்தால் ஒரு பிற்பகலில் முடியுங் காரியம். மத்தியஸ்தம் பேச வந்த பெரியவரோ, “அளந்து எதற்கு மனக்கசப்பு? தள்ளிய துண்டில் ஆளுக்குப் பாதி எடுங்கள்” என்கின்றார். ஊருக்கு அமைதி கிடைத்தது. பெரியவருக்குப் பெயர் கிடைத்தது. வேலியைத் தள்ளியவனுக்கு அரைத்துண்டு கிடைத்தது. அடுத்த வருடம் அவன் சும்மா இருப்பானா?

தலைவர்கள் தயங்கி நின்றவேளை, துறைமுகத் தொழிலாளர் தயங்கவில்லை. அதே ஏப்ரல் மாதத்தில் ‘ஆன் யூ ஜியாங்’ என்ற சீனக் கப்பல் சிம்பாப்வே அரசுக்குரிய ஆயுதங்களுடன் டர்பன் துறைமுகத்தை வந்தடைந்தது. முப்பது இலட்சம் துப்பாக்கிக் குண்டுகளும், உந்துகணைக் குண்டுகளும், மோட்டார் எறிகணைகளும் அதில் இருந்தன. இறக்கிக் கொண்டுசெல்லத் தென்னாபிரிக்க அரசு அனுமதி வழங்கியது. போக்குவரத்துத் தொழிற்சங்கத்தினர் ஒரு பெட்டியையும் தொடோம் என்றனர். அங்கிலிக்கன் அத்தியட்சர் ஒருவர் மனுச் செய்ய, டர்பன் மேல் நீதிமன்றம் ஆயுதங்களைக் கொண்டுசெல்லத் தடையுத்தரவு பிறப்பித்தது. கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது. சுமைகூலித் தொழிலாளியும் ஒரு பாதிரியாரும் இரண்டொரு வழக்கறிஞரும் ஒரு வாரத்தில் சாதித்ததை, பதினான்கு அரசாங்கங்கள் லுசாக்காவில் விடிய விடிய இருந்தும் சாதிக்கவில்லை.

அப்பால் நடந்தது துயரக் கதை. எண்பதுக்கும் மேற்பட்ட தம் ஆதரவாளர்கள் கொல்லப்பட்டுவிட்டனர் என்று கூறி, ஸ்வாங்கிராய் யூன் 22ஆந் திகதி போட்டியிலிருந்து விலகி, ஹராரேயிலுள்ள நெதர்லாந்துத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். சாடெக்கின் மூவர் குழு சுவாசிலாந்தில் கூடித் தேர்தலை ஒத்திவைக்கச் சொன்னது; எம்பெக்கி அக்கூட்டத்துக்குச் செல்லவில்லை. ஒரே வேட்பாளர் நின்ற தேர்தலில் முகாபே நூற்றுக்கு 85 வாக்குகள் பெற்று, 29ஆந் திகதி பதவிப்பிரமாணம் செய்துகொண்டு, உடனே எகிப்தின் ஷாம் எல் ஷேக்கில் நடந்த ஆபிரிக்க ஒன்றிய மகாநாட்டுக்கு விமானமேறினார். இத்தேர்தல் மக்களின் விருப்பத்தைப் பிரதிபலிக்கவில்லை என்று சாடெக்கின் சொந்தப் பார்வையாளரே கூறியிருந்தும், அவரை மற்றைத் தலைவர்களோடு சமமாக இருத்தினர். அவரை இக்கூட்டங்களுக்கு அனுமதிக்கலாகாது என்று வாய்திறந்து சொன்ன நாடு பொட்ஸ்வானா. முவனவாசா அவர்களோ அம்மகாநாட்டு வேளையிலேயே பாரிசவாதத்தால் வீழ்ந்து, ஓகஸ்டில் பாரிஸ் நகரில் காலமானார். யூலை 11ஆந் திகதி பாதுகாப்புச் சபையில் தடை விதிக்கும் தீர்மானத்துக்கு ஒன்பது நாடுகள் ஆதரவளித்தன; ரஷ்யாவும் சீனாவும் தமது தடைவாக்கால் அதனை வீழ்த்தின. எதிர்த்து வாக்களித்தவர்களுள் நடுவர் நாடான தென்னாபிரிக்காவும் ஒன்று! நடுவர் ஒரு கட்சிக்காரருக்காகக் கைதூக்குவது எந்த நீதிமுறையைச் சேர்ந்ததோ நாமறியோம்.

செப்டெம்பர் 15ஆந் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. தோற்றவர் ஜனாதிபதி; முதற் சுற்றில் முந்தியவர் பிரதமர். படையும் உளவும் முன்னவர் கையில்; வெறுமையான கஜானா பின்னவர் கட்சியின் கையில். பொலிஸ் இலாகாவை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நொவெம்பரில் சாடெக் தீர்ப்பளித்தது. ஒரு வண்டிலுக்கு இரண்டு சாரதிகள்! ஸ்வாங்கிராய் பதவியேற்க 2009 பெப்ரவரி 11 ஆயிற்று. அதற்கிடையில் வாந்திபேதி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நூறு இலட்சங்கோடியை எட்டும் தாள்கள் அச்சாகி, அவை பாண் வாங்கவும் போதாமற் போயின.

கூட்டாட்சி வந்தபின் அந்நிய நாணயம் புழக்கத்துக்கு வந்தது, கடைகளில் சாமான் நிரம்பின, பள்ளிக்கூடங்கள் திறந்தன, 2013ஆம் ஆண்டில் புதிய அரசியலமைப்பும் மக்கள் தீர்ப்பின் மூலம் நிறைவேறியது என்பது உண்மை. பசித்த மக்களுக்கு அது சிறு உதவியன்று. அதனால்தான் சமரசத்தை ஒரேயடியாகத் தூற்ற எமக்கு நா எழவில்லை. ஆனால் அதே 2013இல் நடந்த தேர்தலில் வாக்காளர் இடாப்பே உரிய வேளையில் எதிர்க்கட்சியின் கைக்குக் கிடைக்கவில்லை. சாடெக்கோ தேர்தல் சுதந்திரமாயும் சமாதானமாயும் நடந்தது என்று ஆசி கூறிவிட்டது. கணக்காய்வு வேண்டும் என்ற பொட்ஸ்வானாவின் குரல் மீண்டுந் தனித்தே ஒலித்தது. கதியால் மற்றொரு முறை தள்ளி நடப்பட்டது.

அமைதியான இராஜதந்திரம் எதை மறைத்தது என்பதைப் பிற்காலத்தில் ஒரு வழக்கு வெளிக்கொணர்ந்தது. 2002ஆம் ஆண்டுச் சிம்பாப்வே ஜனாதிபதித் தேர்தலின்போது எம்பெக்கி அவர்கள் தம் நாட்டு நீதிபதிகளான டிக்காங் மொசெனெக்கே, சிசி கம்பெப்பே ஆகிய இருவரை நேரிற் சென்று ஆராய அனுப்பினார். அவர்கள் அறிக்கை கொடுத்தனர். அது மேசைக்குள் போயிற்று. தென்னாபிரிக்காவின் அதிகாரபூர்வமான பார்வையாளர் குழு அத்தேர்தல் செல்லுபடியானது என்று உலகுக்குச் சொல்லியது. 2008ஆம் ஆண்டில் ‘மெயில் அன்ட் கார்டியன்’ பத்திரிகை அவ்வறிக்கையைக் கேட்டது. அரசு மறுத்தது. மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், அரசியலமைப்பு நீதிமன்றம், திரும்பவும் மேல் நீதிமன்றம் என்று வழக்கு ஆறு வருடங்கள் ஏறி இறங்கியது. 2014 நொவெம்பரில் அறிக்கை வெளிவந்தது. அத்தேர்தல் சுதந்திரமானதும் நீதியானதுமென்று கொள்ள முடியாது என்பதே இரு நீதிபதிகளின் முடிவு. அதாவது, 2008இல் ஹராரேயில் இறங்கி நெருக்கடியில்லை என்று கூறியவர், ஆறு வருடங்களுக்கு முன்பே நீதிபதிகள் எழுதிக் கொடுத்த தீர்ப்பைத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டே கூறினார். 2008ஆம் ஆண்டு வன்செயலை ஆராய அவர் அனுப்பிய ஓய்வுபெற்ற தளபதிகள் கண்டதும் மக்கள்முன் வைக்கப்படவில்லை. மறைத்த உண்மையை நம்பி வாக்களித்தவர்கள் 2008இல் அடிபட்டவர்கள். அவர்களுக்கு இந்த மன்னிப்பை எவர் வாங்கிக் கொடுப்பது?

விவசாயிகளான வாசகர்கள் கேட்கவேண்டிய வேறொரு வழக்கும் உண்டு. சிம்பாப்வேயின் நிலப்பிரச்சினை பொய்யன்று. 1930ஆம் ஆண்டின் நிலப்பங்கீட்டுச் சட்டம் நாட்டின் ஏறத்தாழப் பாதியை ஒரு சிறு வெள்ளைக்காரக் கூட்டத்துக்கு ஒதுக்கிற்று. அந்த அநீதி தீர்க்கப்பட வேண்டியதே. ஆனால் 2005ஆம் ஆண்டின் பதினேழாம் அரசியலமைப்புத் திருத்தம், அரசு எடுக்கும் காணியைப்பற்றி எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது என்று வாயிலையே அடைத்தது. உறுதி கையிலிருந்தும் அதைக் காட்ட ஒரு நீதவான் இல்லை. செகுட்டு மாவட்டத்து விவசாயி ஒருவர் சாடெக்கின் சொந்த நியாயசபையை நமீபியாவின் வின்ட்ஹோக் நகரில் அணுகினார். எழுபதுக்கும் மேற்பட்டோர் அவரோடு சேர்ந்தனர். இரண்டாஞ் சுற்று முடிந்த இரண்டாம் நாள் அவர் கடத்தப்பட்டுக் கடுமையாக அடிக்கப்பட்டார். எனினும் வழக்கைக் கைவிடவில்லை. 2008 நொவெம்பர் 28ஆந் திகதி, நீதிமன்றத்தை நாடும் உரிமையைப் பறித்தது தவறு என்று நியாயசபை தீர்ப்பளித்தது. ஹராரே அதை ஏற்கவில்லை.

தீர்ப்பை மீறிய நாட்டைச் சாடெக் தலைவர்கள் கண்டித்திருப்பார்கள் என்று வாசகர் எண்ணக்கூடும். அவர்கள் நியாயசபையை மூடினார்கள்! 2010 ஓகஸ்டில் அதன் பணியை நிறுத்தினர். 2012இல், இனி அது அரசுக்கும் அரசுக்குமிடையே உள்ள வழக்குகளை மாத்திரம் கேட்கும், தனி மனிதன் படியேற முடியாது என்று முடிவு செய்தனர். இதில் தென்னாபிரிக்க ஜனாதிபதி பங்குகொண்டது அரசியலமைப்புக்கு மாறானது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்த்தது. தீர்ப்பு வந்தது, நியாயசபை திரும்பவில்லை.

அயலவரால் எதுவுஞ் செய்ய இயலாது என்பார்க்கு மேற்கு ஆபிரிக்காவைக் காட்டுவோம். 2016 டிசம்பரில் காம்பியாவில் தோற்ற யாகியா ஜம்மே, முடிவை ஏற்று, ஒரு வாரத்தில் மறுத்தபோது, எக்கோவாஸ் நாடுகள் வென்றவர் அடமா பரோவே என்பதை விவாதத்துக்குரிய பொருளாக்கவில்லை. எப்படி வெளியேறுவது என்பதைத்தான் ஜம்மேயுடன் பேசின. படையும் எல்லையில் நின்றது. 2017 ஜனவரி 21ஆந் திகதி அவர் நாட்டை விட்டகன்றார். காம்பியா செனகலாற் சூழப்பட்ட சிறு நாடு, சிம்பாப்வே அன்று. படை அனுப்புமாறு நாமுஞ் சொல்லவில்லை. எண்ணிக்கை இன்ன நாளுள் சாவடித் தாள்களோடு வெளியாக வேண்டும், அதுவரை பங்கீட்டுப் பேச்சுக்கு இடமில்லை, அனுப்பிய பார்வையாளரின் முழு அறிக்கையும் அந்நாட்டு மக்கள் கையில் உடனே கொடுக்கப்பட வேண்டும் என்று சொல்ல ஒரு படையும் தேவையில்லை.

2023 ஓகஸ்ட் தேர்தலில் அதற்கு வாய்ப்பு வந்தது. தலைநகரின் பல சாவடிகளுக்கு வாக்குச்சீட்டுகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. வாக்குகளைத் தனியாகத் தொகுத்த உள்நாட்டுப் பார்வையாளர் நாற்பதுக்கும் மேற்பட்டோரை அன்றிரவே பொலிசார் பிடித்தனர். சாம்பியாவின் முன்னாள் உபஜனாதிபதி நெவர்ஸ் மும்பா அவர்களின் தலைமையிலான சாடெக் குழு, தேர்தலின் சில அம்சங்கள் அந்நாட்டு அரசியலமைப்புக்கும், தேர்தற் சட்டத்துக்கும், சாடெக்கின் சொந்தக் கோட்பாடுகளுக்கும் குறைவுபட்டிருந்தன என்று அஞ்சாமல் எழுதியது. ஆளுங்கட்சியினர் அவரைத் தனிப்பட வசைபாடினர். தென்னாபிரிக்க, மொசாம்பிக், கொங்கோ ஜனாதிபதிகள் எமர்சன் முனங்காக்வாவின் பதவியேற்பு விழாவுக்குச் சென்று ஆசனத்தில் அமர்ந்தனர்.

2024 ஓகஸ்ட் 17ஆந் திகதி ஹராரேயிற் கூடிய உச்சிமகாநாட்டில் சாடெக்கின் தலைமைப் பதவியும் முனங்காக்வா அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் அதே நகரில் ஒரு வீட்டிற் கூடியிருந்தபோது பிடிபட்ட எதிர்க்கட்சியினர் பலர், தலைவர்களின் வாகன அணிகள் வீதியாற் சென்ற அன்றும் பிணை மறுக்கப்பட்டு மறியலில் இருந்தனர்.